முனீஸ்வரி தச்ச ஸ்கிரீன்

விளாங்குடியில மூணு மாசமா ஒரே பேச்சு. நல்லகாமன் மக முனீஸ்வரி இருக்காள்ல, புருஷன் புள்ளைகளோட ஹாலந்துல இருக்கவ, அவ மூத்த மக சுபலட்சுமி பெரிய மனுஷி ஆயிட்டாளாம். கூடப்பொறந்த அண்ணன், அந்தப் புள்ளைக்கு இருக்க ஒரே தாய்மாமன், அழகுபாண்டிக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லாம அங்கனயே குச்சு கட்டி உக்கார வச்சு, தண்ணி ஊத்தி, கமுக்கமா முடிச்சுட்டாளாம். கேட்டா ஒண்ணும் நடக்காத மாதிரி மூஞ்சிய வச்சுக்கிறாளாம்.

குச்சுன்னா என்னன்னு தெரியாதவுகளுக்குச் சொல்றேன். எங்க பக்கம் பொண்ணு வயசுக்கு வந்தா வீட்டுல ஒரு மூலைய ஓலையாலயோ சேலையாலயோ மறைச்சு, புள்ளைய உள்ள உக்கார வைப்பாக. தனித் தட்டு, தனித் தம்ளர். தரையில குறுக்க ஒரு உலக்கை. அந்த மறைப்புக்குப் பேருதான் குச்சு. அதைக் கட்டுற உரிமை தாய்மாமனுக்கு. அவனுக்குச் சொல்லாம மறைச்சா, நீ எனக்கு ஒறவே இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. அழகுபாண்டி அந்த மூணு மாசமும் சரியாச் சாப்பிடல. "எந்தங்கச்சி என்னைய வேணாம்னுட்டாளா மாப்ள?" அம்புட்டுதான் கேப்பான்.

நடந்தது என்னன்னு நான் சொல்றேன். சொல்ற யோக்கியதை எனக்குத்தான் இருக்கு. ஏன்னா அந்தப் பேச்சு மொத மொத வெளிய வந்த வாயி என் வாயி.

என் பேரு காளை. அழகுபாண்டி வீட்டுக்கு நாலாவது வீடு. பந்தல், பாத்திரம், ஸ்பீக்கர் செட்டு வாடகைக்கு விடுறவன். ஊருல விசேஷம் இருந்தாத்தான் எனக்கு வேலை. இதையும் மனசுல வச்சுக்கங்க.

முனீஸ்வரி அழகுபாண்டிக்குப் பதினோரு வருசம் பிந்திப் பொறந்தவ. அவன் கபடி பாக்கப் போனாலும் இடுப்புல தங்கச்சி இருக்கும். எதைக் குடுத்தாலும் செய்வா, தையல் மட்டும் அவளுக்கு வராது. ஸ்கூல்ல தையல் டீச்சர் கைக்குட்டை தைக்கச் சொன்னாக. இவ கைக்குட்டையத் தன் பாவாடையோட சேத்துத் தச்சுட்டு, பெல்லு அடிச்சும் எந்திரிக்க வெக்கப்பட்டு உக்காந்திருந்தா. தெருவே ஒரு வாரம் சிரிச்சுச்சு. நான் ரெண்டு வாரம் சிரிச்சேன்.

கே.கே. நகர்ப் பையன் சூரியபிரகாஷுக்குக் கட்டிக் குடுத்தாக. கம்ப்யூட்டர் வேலை, ரொம்ப அளந்து பேசுற ஆளு. ரெண்டும் பொம்பளப் புள்ளைக. பெரியவளுக்கு ஏழு, சின்னவளுக்கு ஒண்ணரை வயசு இருக்கும்போது ஹாலந்துக்குப் போனாக.

அங்க பிடிச்ச வீடு கீழ்த்தளம். முன் ரூம்ல ஒரு ஜன்னல். ஜன்னல்னா நம்ம வீட்டு ஜன்னல்னு நெனச்சுராதீங்க, ஜவுளிக்கடை ஷோகேஸு. தரையிலருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. கம்பி இல்ல, துணி இல்ல. ரெண்டு அடி தள்ளி ஆளுக நடக்குற பிளாட்பாரம். அந்தத் தெருவுல ஒருத்தரும் ஜன்னல மறைக்கிறது இல்லையாம்.

மொத நாளு இவ தரையில உக்காந்து புள்ளைகளுக்குச் சாம்பார்ச் சோறு பெசஞ்சு ஊட்டுறா. நிமிந்து பாத்தா வெளிய ஒரு வெள்ளக்காரக் கெழவன் நாயோட நின்னு கையாட்டுறான். இவளும் அந்தச் சாம்பார்க் கையாலயே ஆட்டிட்டா. மறுநா அதே நேரம் அதே கெழவன், அதே நாயி. மூணாம் நாளு கூட ஒரு கெழவி. சூரியபிரகாஷு வீட்டுக்குள்ள கைலி கட்ட முடியாம ராத்திரியும் பேண்ட்டோட திரிஞ்சிருக்கான்.

"கூண்டுக்குள்ள உக்காந்து கடலை உரிக்கிற கொரங்கு மாதிரி இருந்துச்சுண்ணே. வெக்கமாப் போச்சு" அப்படின்னா எங்கிட்ட.

கடைக்குப் போயி 'ஸ்கிரீன்' வேணும்னு கேட்டிருக்கா. ஜன்னல்ல தொங்குற துணிக்கு நாம ஸ்கிரீன்னுதான சொல்வோம்? கடைக்காரன் கூட்டிட்டுப் போயி கொசுவுக்கு அடிக்கிற வலையக் காட்டிருக்கான். இது இல்லப்பா, துணி, பெருசா, ரூமுக்கு மாட்டுறதுன்னுருக்கா. அவன் ரொம்ப யோசிச்சுட்டு, சினிமா போட்டுக் காட்டுற வெள்ளைத் துணிய எடுத்து விரிச்சிருக்கான். ஒருவழியா வெளங்க வச்சு அளவச் சொன்னா, அம்புட்டுப் பெருசு ரெடிமேடுல இல்ல, தச்சு வர ரெண்டு மாசம் ஆகும்னுட்டான். ரெண்டு மாசம் அந்தக் கெழவனுக்குக் கையாட்ட இவளால முடியாது. வீட்டுக்கு வந்து பெட்டியத் தொறந்தா. நாலு சுங்குடிச் சேலைய எடுத்தா. பாவாடையோட கைக்குட்டையத் தச்சவ ஊசியில நூல் கோக்க ஆரம்பிச்சுட்டா.

அளவு எடுத்தது எப்படின்னு நெனைக்கிறீக? மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுல பூ அளக்குற மாதிரி கையால முழம் போட்டு. மேல பாதிய நாற்காலியில ஏறி நின்னு அளந்தா. எறங்கி வந்து கீழ்ப் பாதிய அளந்தா. நடுவுல ஒரு முழம் எங்கயோ போயிருச்சு. மாட்டிப் பாத்தா, வெளியில நிக்கிறவனுக்கு ஆளு தெரியாது, முட்டுக்குக் கீழ எட்டுக் காலு மட்டும் நடமாடும். சூரியபிரகாஷு வெளிய போயி நின்னு பாத்துட்டு வந்து, கல்யாணம் ஆனதுலருந்து அன்னைக்குத்தான் கண்ணுல தண்ணி வர்ற அளவு சிரிச்சானாம். அவன் பட்டைக் கரை வேட்டியக் கிழிச்சு அடியில ஒட்டுப்போட்டா. அதுக்குப் பெறகு சிரிப்பு நின்னு போச்சு.

மறுநாளே பக்கத்து வீட்டு வெள்ளக்காரம்மா கதவத் தட்டிருக்கு. கையில பூங்கொத்து. மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, "வீட்ல யாரும் தவறிட்டாகளா?"ன்னு கேட்ருக்கு. அந்தத் தெருவுல பட்டப்பகல்ல துணியப் போட்டு மூடுனா துக்க வீடுன்னு நெனப்பாங்களாம்! முனீஸ்வரி டிகிரி படிச்சவதான். ஆனா அந்த நேரத்துக்கு வாயில வந்தது, "நோ டெட், நோ டெட், ஒன்லி ஈட்டிங் ரைஸ்." அந்தம்மா பூவையும் குடுத்து, இவ தச்ச லட்சணத்தையும் பாத்துட்டு, மறுவாரம் தன் பழைய தையல் மெஷினத் தூக்கிட்டு வந்து கத்துக்குடுத்துருக்கு. நாலு வருசத்துல முனீஸ்வரி வீட்டுல இருந்த எல்லா ஜன்னலுக்கும் தச்சுப்புட்டா. கொண்டுபோன நூல் சேலை பூராம் ஜன்னல்ல தொங்குது.

இப்பத்தான் வில்லங்கம் வருது.

சுபலட்சுமிக்கு இப்பப் பதினோரு வயசு. ரெண்டு புள்ளைகளுக்கும் ஒரே ரூம். "இவ என் கலர் பென்சிலப் பூராம் கடிச்சு வக்கிறாம்மா. ஒரு மூலையாச்சும் எனக்குன்னு மறைச்சுக் குடு"ன்னு அழுதிருக்கா. மறைக்கத் துணி இல்ல. பெட்டியில மிச்சம் இருந்தது ஒரே ஒரு பட்டுச்சேலை. சுபலட்சுமி காதுகுத்துக்கு அழகுபாண்டி சீரா எடுத்துக் குடுத்தது. மாம்பழக் கலரு, மயில்கழுத்துக் கரை. அதை எடுக்க ஆறு கடை ஏறி எறங்குனான். கூடப் போனவன் நான், அந்தச் சேலைய எங்க பாத்தாலும் என் காலு வலிக்கும்.

முனீஸ்வரி அதை வெளிய எடுத்து, உள்ள வச்சு, மறுபடி எடுத்து, மூணு நாளு இப்படியே பண்ணிருக்கா. நாலாம் நாளு, புள்ளைக்குன்னு மாமன் குடுத்தது புள்ளைக்கே ஆகட்டும்னு கத்திரிய வச்சுட்டா.

"வெட்டுற வரைக்கும் ஒண்ணும் தெரியலண்ணே. வெட்டுன பெறகுதான் பயம் வந்துச்சு. அண்ணன் கேட்டா என்ன சொல்வேன்? ஒன் சீரை வெட்டி மூலையில தொங்கவிட்ருக்கேன்னா?"

அதனால வீட்டுக்குச் சொல்லல. மறைச்சது அது ஒண்ணுதான். ரெண்டாத் தச்சு, உருண்டை மரக்கம்புல கோத்து மாட்டிட்டா. கம்பு ரெண்டு வாங்கிருந்தா, மிச்சம் ஒண்ணு தரையில கெடந்துச்சு.

அந்த ஞாயித்துக்கெழமை நான் அழகுபாண்டி வீட்ல இருந்தேன். கனகலட்சுமி, அதான் அவன் பொண்டாட்டி, கறிக்கொழம்பு வச்சிருந்துச்சு. வீடியோ கால் வந்துச்சு. போனு சின்னவ கையில. அது வீடெல்லாம் சுத்திக்கிட்டு, "மாமா, அக்கா ரூம் பாருங்க"ன்னு உள்ள ஓடுது. நாங்க மூணு பேரும் பாத்தோம். மூலையில மாம்பழக் கலர் சேலை கட்டி மறைச்சிருக்கு. தரையில குறுக்க ஒரு கம்பு. உள்ள சுபலட்சுமி தனியா, தரையில, பக்கத்துல ஒரு தட்டு, ஒரு தம்ளர். தங்கச்சிக்குத் தெரியாம பிஸ்கட்டு தின்னுருக்கு, பாவம். போனப் பாத்ததும், "ஐயோ காட்டாதடி!"ன்னு கத்தி சேலைய இழுத்து மூடிக்கிச்சு.

அழகுபாண்டி தங்கச்சியக் கூப்புட்டுக் கேட்டான். "ஏத்தா, அது நான் எடுத்த சேலைதான?"

முனீஸ்வரி மூஞ்சி வெளுத்துப்போச்சு. "ஆ... ஆமாண்ணே. அது சும்மா... சுபா தனியா உக்காரணும்னா. அதான் கட்டிவிட்டேன். பெறகு பேசுறேண்ணே." கட் பண்ணிட்டா.

புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. நான் சோத்தத் தின்னுட்டுப் பேசாம எந்திரிச்சிருக்கலாம். ஆனா சொன்னேன், "உலக்கைகூடப் போட்ருக்கா போல."

அம்புட்டுதான். வீட்ல சொன்னது அது ஒரு வரி. டீக்கடையில ரெண்டு வரி. சாயந்தரம் பூக்காரக்கா எங்கிட்டயே வந்து, "காளைண்ணே, விசயம் தெரியுமா?"ன்னு முழுக்கதையும் சொன்னுச்சு. நானும் தெரியாத மாதிரி வாயப் பொளந்து கேட்டேன்.

"ஒரு வார்த்தை நேரா கேட்ருங்களேன்"னு கனகலட்சுமி சொல்லத்தான் செஞ்சுச்சு. அழகுபாண்டி கேக்கல. "கேட்டா, எனக்கு அவ சொல்லலைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும். ஆவணியில லீவுக்கு வாராகள்ல, வரட்டும். தாய்மாமன் செய்யுறதை நான் செய்யுறேன். பாத்துட்டு அவளே தலை குனியட்டும்."

ஐம்பத்தோரு தட்டு சீரு. மேளம். கெடா. பந்தல் என்னுது. ரோட்டு முக்குல பன்னெண்டு அடிக்குப் பிளெக்ஸ் வைப்போம்னு யோசனை குடுத்ததும் நான்தான். புள்ள போட்டோவ வாட்ஸ்அப்லருந்து எடுத்துக் குடுத்ததும் நான்தான். சொல்றப்பவே நாக்கு கூசுது.

சூரியபிரகாஷுக்கு அப்ப லீவு கெடைக்கல. முனீஸ்வரியும் புள்ளைகளும் வந்து எறங்குன அன்னைக்கு ஏர்போர்ட்டுக்குக் காரு பிடிச்சுக் கூட்டியாரப் போனதும் நான்தான். முன்சீட்டுல உக்காந்திருந்தேன். சுபலட்சுமிக்குத் தமிழ் எழுத்து பூராம் முனீஸ்வரி சொல்லிக் குடுத்திருக்கா. அந்தப் புள்ள வர்ற வழியெல்லாம் போர்டு போர்டா எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கிட்டு வருது. "ப...ரோட்டா. பஞ்... பஞ்சர். அம்மா, பஞ்சர் வாசிச்சுட்டேன்!" முனீஸ்வரிக்குப் பெருமை தாங்கல. "பாத்தீங்களாண்ணே எம்புள்ளைய?"ன்னு என் தோளத் தட்டுறா. நான் ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கேன். விளாங்குடி நெருங்க நெருங்க எனக்கு வேர்க்குது. ஏன்னா நேத்து வரைக்கும் அந்தப் புள்ள எனக்கு ஒரு பேச்சு. இப்ப பின்சீட்டுல உக்காந்து பஞ்சர் வாசிக்குது.

முக்கு வந்துருச்சு.

"செல்வி... சு... சுபலட்சுமி. அம்மா! எம்பேரு! எம்போட்டோ! பூப்... பூப்பு... னித... நீராட்டு விழா." அம்மா பக்கம் திரும்புச்சு. "பூப்புனிதன்னா என்னம்மா?"

முனீஸ்வரி முன்கண்ணாடி வழியா என்னையப் பாத்தா. நான் டிரைவர்கிட்ட ஏசிய ஏத்தச் சொன்னேன்.

வீட்டு வாசல்ல காரு நின்னதும் மேளம் வெளுத்துக் கட்டுது. கனகலட்சுமி ஆரத்தித் தட்டோட நிக்குது. தெரு பூராம் சனம். புள்ளைக்கு அதுக்குள்ள வெளங்கிருச்சு போல. கார்க் கண்ணாடியில இருந்த துண்டுத் துணிய இழுத்து மூடிக்கிட்டு மொகத்தை முட்டுக்குள்ள பொதச்சுக்கிச்சு. எறங்க மாட்டேன்னுருச்சு.

முனீஸ்வரி மட்டும் எறங்கி நேரா அண்ணங்கிட்ட போனா. மேளக்காரன் அவ மூஞ்சியப் பாத்துட்டுத் தானா நிறுத்திட்டான்.

"என்னண்ணே இது?"

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதாத்தா? நான் குடுத்த சேலையிலயே குச்சு கட்டுவ, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? அம்புட்டு வேத்தாளாப் போனேனா?"

"குச்சா?"

"மூணு பேரு பாத்தோம்ல முனீசு" கனகலட்சுமி குறுக்க வந்துச்சு. "தட்டு, தம்ளர், உலக்கை எல்லாந்தான் கெடந்துச்சு."

"உலக்கையா? மதினி, ஹாலந்துல உலக்கைக்கு நான் எங்க போவேன்? அது ஸ்கிரீன் மாட்டுற கம்பு!" கூட்டத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாக. முனீஸ்வரி சிரிக்கல. கையப் பெசஞ்சா. அந்தத் தெருவே பாக்குது. மக பேரைக் காப்பாத்தணும்னா இவ மறைச்சதை இவ சொல்லணும். "அண்ணே, எம்மகளுக்கு ஒண்ணும் ஆகல. அவ சின்னப் புள்ள. பென்சில ஒளிச்சு வைக்க ஒரு மூலை கேட்டா. எங்கிட்ட வேற துணி இல்ல. ஒங்க சேலைய வெட்டி ஸ்கிரீன் தச்சுட்டேன். அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் அன்னைக்குப் போன வச்சேன். வெட்டிட்டேன்ணே."

பொம்பளைக, "சீர்ச் சேலையவா?"ன்னு மொணங்குதுக. அழகுபாண்டி பந்தல் நாற்காலியில உக்காந்துட்டான். அப்பறம் கேட்டான்:

"நீயா தச்ச? ஒனக்குத்தான் தைக்க வராதே."

அவ அழுதுட்டா. இவனும் துண்டை எடுத்து மூஞ்சியத் தொடச்சான். எந்திரிச்சுப் போயி கார்க் கண்ணாடியத் தட்டுனான். "ஆத்தா சுபா, மாமன் தெரியாமப் பண்ணிப்புட்டேன். எறங்கி வாத்தா."

உள்ளருந்து குரல் மட்டும் வந்துச்சு. "மொதல்ல அந்தப் போட்டோவ எறக்குங்க மாமா."

பட்டு வேட்டியோட அவனே முக்குக்குப் போனான். ஏணி என் ஏணி, பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒவ்வொரு கயிறா அவுத்தான். பஸ்ஸுல போற வார சனம் பூராம் பாக்குது. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ரெண்டு வார்த்தை வஞ்சிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். பிளெக்ஸச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, "நீ நெசமாவே உலக்கைன்னு நெனச்சியா மாப்ள?"ன்னு மட்டும் கேட்டான்.

நெனச்சேன்தான். ஆனா கம்பா இருக்குமோன்னும் ஒரு நிமிசம் தோணுச்சு. கம்புன்னு சொன்னா அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? அதை அவங்கிட்ட சொல்ல வாய் வரல. ஆக்கி வச்ச கறியச் சனம் தலையக் குனிஞ்சு தின்னுட்டுப் போச்சு. புள்ள பின்வாசல் வழியா வீட்டுக்குள்ள போயி, சாயந்தரம் வரைக்கும் வெளிய வரல.

நாலு நாள் கழிச்சு கே.கே. நகர்ல மாமியார் வீட்ல இருந்த முனீஸ்வரியப் பாக்கப் போனேன். இம்புட்டு நேரம் நான் சொன்ன ஹாலந்துக் கதையெல்லாம் அன்னைக்கு அவ சொன்னதுதான். காபி குடுத்தா. சுபலட்சுமி உள்ரூம்ல இருந்துச்சு. என் குரல் கேட்டதும் கதவ மூடிக்கிச்சு.

"எந்தப்புதான் ஆத்தா" அப்படின்னேன்.

"தெரியும்ணே."

"இப்பயும் ஊருல ரெண்டு மூணு பேரு நம்பல. நடந்தது நெசம், சபையில ஸ்கிரீனு கம்புன்னு சொல்லிச் சமாளிச்சுட்டா, மறைக்கத்தான் செஞ்சிருக்கான்னு பேசுறாக. நான் ஆள் ஆளாப் போயிச் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ என்ன சொல்லச் சொல்றியோ அதை அப்படியே சொல்லிப்புடுறேன்."

காபித் தம்ளர என் கையிலருந்து வாங்கிக் கீழ வச்சா.

"அப்படியே சொல்லுங்க. எம்மக பெரிய மனுஷி ஆகல, நான் எதையும் மறைக்கல. ஆனா இனிமே அவ பெரிய மனுஷி ஆகும்போது மறைப்பேன். எங்கண்ணன் ஒருத்தருக்குத்தான் சொல்லுவேன், அதுவும் நீங்க பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்து. போயிட்டு வாங்க."